வலது கையால் கொடு

அத்தியாயம் 17

மருலியின் வலது தோளைப் பற்றித் தெரியாதவர்கள் மேடான் நகரத்தில் அந்தத் தெருவில் யாரும் இல்லை. லாரி டயரை ஒற்றை ஆளாகத் தூக்கி மாட்டுகிறவர் என்று பெயர் வாங்கிய தோள் அது. பெயர் வாங்கிய தோளே ஒருநாள் உள்ளே தசைநார் அறுந்து, ஒரு தேத்தண்ணீர்க் குவளையைக்கூடத் தூக்க முடியாமல் தொங்கிப்போனது.

தோளுக்கும் முழங்கைக்கும் மட்டுமே வைத்தியம் பார்க்கும் டாக்டர் எர்வினிடம் கொண்டுபோனார்கள். சின்னச் சின்னத் துளைகள் போட்டு, அறுந்த நாரை எலும்போடு சேர்த்துத் தைத்தார் அவர். ஆறு வாரம் கையை உடம்போடு கட்டியே வைத்திருக்க வேண்டும், அக்குளுக்கடியில் தலையணை இருக்க வேண்டும், தானாகக் கையைத் தூக்கவே கூடாது என்று மூன்று தடவை சொல்லி அனுப்பினார்.

ஆறு வாரம் முடிவதற்குள் இளைய மகள் லம்ரியாவின் கல்யாணம் வந்துவிட்டது.

போன வாரம் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடிப் பேசியபோது, மருலியின் மனைவி ரொத்துவா ஒரே ஒரு வார்த்தை கேட்டாள்: "ரெண்டு மாசம் தள்ளி வச்சுக்கலாமா?" கணவனின் கைக்காகக் கேட்கிறாள் என்று அவள் வீட்டார் நினைத்தார்கள். அவளும் மறுக்கவில்லை. ஆனால் மாப்பிள்ளை தோகாரின் அத்தை அந்த வார்த்தையை முந்தானையில் முடிந்துகொண்டு போனாள். பெண்ணின் அம்மாவுக்கு இந்தச் சம்பந்தத்தில் இஷ்டமில்லை என்று அன்று மாலைக்குள் மாப்பிள்ளை வீடு முழுக்கச் செய்தி பரவியது. கல்யாணம் மட்டும் தள்ளிப் போகவில்லை.

இன்று அந்தக் கல்யாணம்.

விடிந்ததும் மூத்தவள் ரிஸ்மா புருஷன் வீட்டிலிருந்து வந்து சேர்ந்தாள். அவளுக்கு ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சிகிச்சை கொடுக்கிற வேலை. நாள் முழுக்க ஊரார் தோளையும் முழங்கையையும் நீட்டி மடக்கிவிட்டு, காலையும் மாலையும் இங்கே வந்து அப்பாவின் கையை ஆட்டிவிட்டுப் போவாள். அந்த ஒரு மணி நேரம் போக மீதி நாளெல்லாம் மருலி ரொத்துவாவின் பொறுப்பு. படுக்க முடியாமல் சாய்வு நாற்காலியில் தூங்கும் கனத்த மனிதரை நிமிர்த்தி எழுப்புவது, குளிப்பாட்டுவது, கட்டை அவிழ்த்துக் கட்டுவது எல்லாமே அவள்தான்.

"உங்கம்மா இருக்கிறதால நான் பொழச்சேன்" என்று மருலி வருகிறவர்களிடம் சொல்வதுண்டு. நல்ல சக்கரம் மாட்டிய வண்டியைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும் அது.

அறைக்குள் ரொத்துவா உடுத்திக்கொண்டிருந்தாள். ஜரிகை போட்ட இறுக்கமான மேல்சட்டை. வலது கையை முதலில் நுழைத்து, சட்டையை முதுகுப் பக்கம் சுற்றிக்கொண்டு வந்து, பிறகு இடது கையை விட்டாள். முதுகில், வலது தோள்பட்டைக்கு மேலே, சிவப்புச் சிவப்பாகக் கோடுகள்.

"யாரும்மா சொரண்டிவிட்டது?" என்றாள் ரிஸ்மா.

"உங்க சித்திதான். எண்ணெய் தடவி காசால இழுத்துவிட்டா."

"காத்து பூந்துருச்சா?"

"காத்துதான்னு சொன்னா. எவ்வளவு செவந்திருக்கு பாரு, அவ்வளவும் காத்துதானாம்."

அந்த ஊரில் எல்லா நோவுக்கும் முதல் பெயர் காற்று. தலைவலித்தாலும் காற்று, வயிறு உப்பினாலும் காற்று, மனசு சரியில்லை என்றாலும் காற்று. காசின் ஓரத்தால் சுரண்டினால் சிவப்பு எழும்பும், காற்று வெளியே போய்விடும். படித்த ரிஸ்மாவுக்கும் அதில் ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. சின்ன வயதிலிருந்து பார்த்த கோடுகள்தானே.

"தலைக் கொண்டையை நீயே போட்டுவிடேன்" என்றாள் ரொத்துவா.

"உன் கொண்டையை நீதான் போட்டுக்குவ எப்பவும்."

"இன்னிக்கு நீ போடு."

ரிஸ்மா சீப்பை எடுத்தாள். ரொத்துவா கண்ணாடியில் மகளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சொல்லலாமா, இன்றைக்குப் போய்ச் சொல்லலாமா என்று யோசித்ததுபோல இருந்தது.

"ரிஸ்மா, எனக்கு இந்தக் கை கொஞ்ச நாளா…"

"ஏ, யாராவது வாங்க. தலையணை நழுவுது" என்று கூடத்திலிருந்து மருலி கூப்பிட்டார்.

சீப்பைப் போட்டுவிட்டு ரிஸ்மா ஓடினாள். அரைக்கொண்டையோடு உட்கார்ந்திருந்த ரொத்துவா, மீதிக் கூந்தலை இடது கையாலேயே சுருட்டி ஊசி குத்திக்கொண்டாள்.

தேவாலயத்தில் ஆசீர்வாதம் குறையில்லாமல் முடிந்தது. மத்தியானம் கல்யாண மண்டபம் நிறைந்துவிட்டது. ஒரு பக்கம் பெண் வீட்டார், எதிரே மாப்பிள்ளை வீட்டார், நடுவில் கம்பளம். பன்றிக்கறியும் புளிப்பும் காரமுமாக வேகவைத்த கெண்டை மீனும் மணத்தன. சாக்ஸபோன்காரன் ஒரு பாட்டை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவிக்கொண்டிருந்தான்.

இனி உலோஸ் போர்த்த வேண்டும். கைத்தறியில் நெய்த கனமான போர்வை அது. பெண்ணைப் பெற்றவர்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, மணமக்கள் தலைக்கு மேலாகக் கொண்டுபோய், இருவர் தோளையும் சேர்த்துப் போர்த்த வேண்டும். தேவாலயத்தில் நடந்தது கடவுளுக்கு. சாதிசனத்துக்கு இதுதான் கல்யாணம்.

மருலியின் தம்பி பின்சார் தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். அவருக்கு வலது முழங்கையில் ஒரு பட்டை. டென்னிஸ் மட்டையை ஜென்மத்தில் தொடாதவர், ஆனால் ஸ்பேனர் முடுக்கி முடுக்கி வந்த அந்த வலிக்கு டாக்டர் 'டென்னிஸ் எல்போ' என்று பெயர் சொன்ன நாளிலிருந்து, கேட்பவர் கேளாதவர் எல்லோரிடமும் பட்டையைக் காட்டுவார். சேர்ந்து நடத்திய டயர்க் கடையைப் பிரித்துக்கொண்டு போனதிலிருந்து அண்ணனோடு பேச்சு இல்லை.

"அண்ணே, நான் கூட நின்னு ஒரு கை தாங்கிக்கிறேன். ஊசி போட்டதுல இப்ப பரவாயில்ல."

மருலி அவரைப் பார்க்கவே இல்லை. "ரிஸ்மா, எம்மகளுக்கு நானே போர்த்துவேன்னு அவன்கிட்ட சொல்லு. கடையைப் பிரிச்சவன் கையெல்லாம் இதுல வேணாம்."

பின்சார் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"அப்பா, கட்டை அவுக்கக் கூடாது. தைச்சது பிடிக்கிற சமயம் இது. இப்ப விட்டுச்சுன்னா மறுபடி முதல்லேருந்து" என்றாள் ரிஸ்மா.

"ஒத்தைக் கையில எப்படிடி போர்த்துறது?"

ரிஸ்மா ஒரு நொடி யோசித்தாள். சிகிச்சை அறையில் யோசிப்பதுபோலத்தான் யோசித்தாள்: எந்தக் கைக்கு ஓய்வு, எந்தக் கைக்குப் பாரம். "நீங்க லம்ரியா பக்கம் நில்லுங்க. அவ குள்ளம், இடது கையே போதும். மாப்பிள்ளை பக்கம் அம்மா பார்த்துக்கட்டும்."

தோகார் ஆறடி. தலையில் அலங்காரக் குல்லா வேறு.

"நானா?" என்றாள் ரொத்துவா.

"உனக்கென்னம்மா, நல்லாத்தானே இருக்க."

அதற்குமேல் அவள் பேசவில்லை. பேசியிருக்கலாம். மேளம் ஆரம்பித்துவிட்டது, இருநூறு சம்பந்திகள் எழுந்து நின்றுவிட்டார்கள், மைக் பிடித்தவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார். அந்த நேரத்தில் எனக்குத் தோள் வலிக்கிறது என்று எந்த அம்மாவால் சொல்ல முடியும்.

மைக் பிடித்தவர் தொண்டையைச் செருமினார். "சபையிலே இருக்கிற சம்பந்தி மக்களே, ஒரு மன்னிப்பு. எங்க மருலிக்குத் தோள்ல ஆபரேஷன். அதனால இன்னிக்கு இடது கையால கொடுக்கிறாரு. மரியாதைக் குறைவா நினைக்காதீங்க. கை இடதா இருந்தாலும் மனசு வலதுதான்."

மண்டபம் சிரித்துக் கைதட்டியது. பாவம், மகளுக்காக இந்த நிலையிலும் நிற்கிறாரே என்று பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மருலி கட்டுக்குள் இருந்த கையைச் சற்று முன்னால் தள்ளிக் காட்டினார்.

ரொத்துவாவுக்குக் கட்டு இல்லை. அவளுக்காக யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. கட்டில்லாதவள் சம்பந்திக்கு இடது கையால் கொடுத்தால் அதற்கு ஒரே பெயர்தான்.

வலது கையாலேயே முனையைப் பிடித்தாள்.

இடுப்பு வரை தூக்கினாள். நெஞ்சு வரை தூக்கினாள். அங்கே கை நின்றுவிட்டது. தோள்பட்டையை மேலே எக்கினாள், இடுப்பை ஒடித்துச் சாய்ந்தாள், குதிகாலைத் தூக்கினாள். கை மட்டும் ஒரு விரற்கடை ஏறவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு ஒரு வீசு வீசிப் பார்த்தாள். உலோஸ் தோகாரின் காதில் பட்டு, தோளில் ஒரு கணம் தங்கி, வழுக்கிக் கம்பளத்தில் விழுந்தது.

சாக்ஸபோன் நின்றது.

"பார்த்தியா" என்றாள் தோகாரின் அத்தை. மெதுவாகச் சொல்வதுபோல எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லும் வித்தை அவளுக்குத் தெரியும். "மனசு இல்லாதவ போர்த்துனா அது எப்படி நிக்கும்? அன்னைக்கே தள்ளி வைன்னு சொன்னவதானே."

"கை வழுக்கிருச்சு" என்றாள் ரொத்துவா.

"எங்க வீட்டுப் பிள்ளைக்குப் போர்த்தும்போது மட்டும் வழுக்குதாக்கும்."

மருலியின் முகம் கறுத்தது. ரிஸ்மா பாய்ந்து வருவதற்குள் இடது கையால் கட்டின் வாரை இழுத்தார். தலையணை ஒரு பக்கம் விழுந்தது. குனிந்து உலோஸை வாரி எடுத்தார், இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கினார், மகளையும் மருமகனையும் சேர்த்து ஒரே வீச்சில் போர்த்தினார். தூக்கும்போது அவர் வாய் கோணியதை ரிஸ்மா பார்த்தாள். இறக்கும்போது வலது கை தானாக இறங்கவில்லை, விழுந்தது. அதையும் பார்த்தாள்.

"ஹோராஸ்" என்று மண்டபம் மூன்று தடவை வாழ்த்தி முழங்கியது. அரிசியை மணமக்கள் தலையில் வாரி இறைத்தார்கள். இப்படி ஓர் அப்பாவை எங்கே பார்க்க முடியும் என்று மைக் பிடித்தவர் நெக்குருகினார்.

உலோஸுக்குள் இருந்தபடி லம்ரியா அம்மாவின் பக்கம் குனிந்தாள். அரிசி அவள் கன்னத்தில் ஒட்டியிருந்தது.

"ஏம்மா இப்படிப் பண்ணின? என் கல்யாணத்துலயா?"

ரொத்துவா வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்தபடி மகளைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் அத்தை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். 'நாளைக்குக் காலையில எங்க வீட்டுக்கு வந்து, பெரியவங்க முன்னாடி அவ பதில் சொல்லணும்' என்று ஆள்விட்டுச் சொல்லி அனுப்பினாள்.

உறவுகளுக்கு முறைப்படி கறிப் பங்கு பிரிக்கும்வரை மருலி தாக்குப்பிடித்தார். பிறகு தண்ணீர்க் குவளையை எடுக்கப் போனார். விரல் பிடித்தது, தோள் தூக்கவில்லை. குவளை மேஜையிலேயே கவிழ்ந்தது. லம்ரியாவை மாப்பிள்ளை வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் ரிஸ்மா காரை எடுத்தாள். டாக்டர் எர்வின் சனிக்கிழமை மாலையில் இருப்பார்.

பின் இருக்கையில் மருலியும் ரொத்துவாவும் கல்யாண உடையிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரு துணியைத் தூக்க முடியலயா உன்னால?" என்றார் மருலி.

ரொத்துவா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன்னைத்தான் கேக்குறேன், ரிஸ்மா அம்மா. என் கை போச்சுன்னா அது உன்னாலதான். ஊர் முன்னாடி என்னைத் தூக்க வச்சுட்ட."

"அப்பா, பேசாம வாங்க" என்றாள் ரிஸ்மா.

"நான் ஏன் பேசக் கூடாது? வலி எனக்கு."

காத்திருக்கும் இடத்தில் ஏழெட்டுப் பேர், எல்லோரும் ஒரு கையை இன்னொரு கையால் பிடித்தபடி. ஒரு பந்து வீச்சுக்காரப் பையனுக்கு மூட்டு நழுவித் திரும்பப் பொருத்தியிருந்தார்கள். சட்டைப் பொத்தான் போட முடியாத கிழவர் ஒருவர், எழுதி எழுதி முழங்கை வீங்கிய வாத்தியார் ஒருவர். மருலி பெயர் பதியும் மேஜையில் தன் கதையை உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏசிக் காற்று குளிர்ந்தது. ரொத்துவா தன் சால்வையை எடுத்தாள். வலது தோளில் முதலில் போட்டு, முதுகுப் பக்கம் சுற்றி, அப்புறம் இடது தோளுக்கு இழுத்தாள்.

ரிஸ்மா அதைப் பார்த்தபடி இருந்தாள். சட்டென்று எழுந்து நின்றாள்.

'வலிக்கிற கையை முதல்ல நுழைக்கணும், நல்ல கை அப்புறம்' என்று முதல் நாளே அப்பாவுக்கு அவள் சொல்லிக் கொடுத்திருந்தாள். பக்கத்தில் நின்று அம்மாவும் கேட்டிருந்தாள்.

காலையில் சட்டை போட்டதும் அப்படித்தான். கொண்டை போடக் கூப்பிட்டதும் அதனால்தான். அந்தச் சிவப்புக் கோடுகள் வலது பக்கம் மட்டும்தான் இருந்தன.

"அம்மா, முழங்கையை உடம்போட ஒட்டி வை." ரிஸ்மா முன்னால் மண்டியிட்டாள். அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து முன்கையை மெல்ல வெளிப்பக்கம் திருப்பினாள். துருப்பிடித்த கீல்போல அது அசையாமல் நின்றது. பலம் இல்லாத கை என்றால் மற்றவர் தூக்கினால் தூங்கும் பிள்ளையின் கைபோல ஏறிவிடும். இது ஏறவில்லை. உள்ளே மூட்டைச் சுற்றிய உறையே இறுகிச் சுருங்கிப்போயிருந்தது. அம்மாவைப்போலச் சர்க்கரை உள்ள பெண்களுக்கு இந்த வயதில் வருவதுதான். வாரத்துக்கு இரண்டு பேருக்காவது இதற்கு அவள் சிகிச்சை கொடுக்கிறாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"உங்கப்பாவுக்கு ஆபரேஷன் பண்றதுக்கு முன்னாடியே."

"முன்னாடியேவா? ராத்திரி?"

"அந்தப் பக்கம் படுக்க முடியாது. ஒக்காந்துக்குவேன். அவரும் ஒக்காந்துதானே தூங்குறாரு, துணைக்குத் துணையாச்சு."

"இதோடவா அப்பாவைத் தூக்கி ஒக்கார வச்ச? என்கிட்ட ஏன் சொல்லல?"

"ரெண்டு மாசம் தள்ளி வைங்கன்னு கேட்டேனே" என்றாள் ரொத்துவா. "காலையில உன்கிட்டயும் சொல்ல வந்தேன். தலையணை நழுவிருச்சு."

ரிஸ்மாவுக்கு அழுகை வரவில்லை. அவமானமாக இருந்தது. இத்தனை வாரம் தினமும் இரண்டு வேளை ஒரு தோளைப் பார்க்க அந்த வீட்டுக்கு வந்தாள். இன்னொரு தோள் கதவைத் திறந்துவிட்டு, காப்பி கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. இன்று அந்தத் தோளுக்குத்தான் பாரம் வைத்தாள்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

டாக்டர் எர்வின் மருலியின் முன்கையை வெளிப்பக்கம் திருப்பி நிறுத்தி, அப்படியே பிடித்திருக்கச் சொன்னார். விட்டதும் கை தளர்ந்து வயிற்றில் வந்து விழுந்தது. தோளில் பசையைத் தடவி ஸ்கேன் கருவியை வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"தைச்சது விட்டுப்போச்சு" என்றார். "என்ன பண்ணீங்க?"

"எம்மகளுக்கு உலோஸ் போர்த்தினேன்" என்றார் மருலி. அந்த நிலையிலும் குரலில் ஒரு நிமிர்வு இருந்தது.

"இன்னொரு தடவை உள்ள போகணும். நார் இப்ப முன்னை மாதிரி இல்ல, நைஞ்சிருக்கு. பிடிக்கும்னு உறுதியா சொல்ல முடியாது. இந்தத் தடவை கட்டும் ரொம்ப நாள் இருக்கும். தானா எந்திரிக்கக் கூடாது, தானா குளிக்கக் கூடாது, கையை ஊனக் கூடாது." டாக்டர் நிமிர்ந்தார். "வீட்டுல கூடவே இருந்து பார்த்துக்க ஆள் இருக்காங்கல்ல?"

"அதெல்லாம் இருக்கு" என்றார் மருலி. "போன தடவை பார்த்தவதான். அவளுக்கென்ன."

நர்ஸ் புதுக் கட்டைக் கொண்டுவந்து, வழக்கம்போல, ரொத்துவாவிடம் நீட்டினாள்.

ரிஸ்மா வாயைத் திறந்தாள். அதற்குள் ரொத்துவா கையை நீட்டிவிட்டாள். இடது கையை. கட்டை வாங்கிக் கணவனின் மடியில் இடது கையாலேயே வைத்தாள். டாக்டருக்கு முன்னால், மகளுக்கு முன்னால், மன்னிப்பு எதுவும் கேட்காமல்.

"ஆள் இல்ல டாக்டர்" என்றாள்.

மருலி கட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அறையில் வேறு யாரோ பேசியதாக நினைத்தாரோ என்னவோ, கதவுப் பக்கமும் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.